எக்ஸ்பி குடியிருக்கும் வளவு

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் கொடை நோட்டீஸ் வேலை தொடங்கிவிடும். இந்த வருசம் முதல் ஆளாக வந்தவர் கழுகுமலை ரோட்டில் உள்ள ஒரு கிராமத்தின் கோயில் கமிட்டிக்காரர். மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு சிடியை எடுத்து மேசைமேல் வைத்தார். உறையில் என்னுடைய கையெழுத்து.

“அண்ணாச்சி, எங்க அய்யா இருந்தப்ப நீங்கதான் அடிச்சுக் குடுத்தீக. அம்மன் படமும் பார்டரும் அதே மாதிரி இருக்கணும். தேதியையும் வரிதாரர் பேரையும் மட்டும் மாத்திக் குடுங்க” என்றார்.

சிடிக்குள் இருந்தது, பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த ஒரு கோப்பு. இப்போது கடையில் ஓடுகிற விண்டோஸ் 11 கணினியில் அதைத் திறக்க வழியில்லை. கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டிக்காட்டும் விர்ச்சுவல் பாக்ஸைத் திறந்து, ‘பழைய கடை’ என்று நான் பெயர் வைத்திருக்கும் மெஷினைச் சொடுக்கினேன். திரைக்குள் ஒரு சின்னத் திரை கறுப்பாக விரிந்தது. நீலக் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஊர்ந்தன. பிறகு விண்டோஸ் எக்ஸ்பி திறக்கும்போது வருமே, அந்த இசை. வந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். “இந்தச் சத்தத்தைக் கேட்டு எம்புட்டு வருசமாச்சு!”

பெயரை மாற்றி அடித்துக் கொடுத்து அனுப்பிய பிறகும் அந்த மெஷினை மூட மனம் வரவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் கடை கோவில்பட்டி மெயின் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் ஜெராக்ஸ் மெஷின், தட்டி மறைத்த உள்ளறையில் இரண்டு கணினி. தையிலும் ஆவணியிலும் கல்யாணப் பத்திரிகை, பங்குனி சித்திரையில் கொடை நோட்டீஸ், நடுநடுவே காதணி விழா, பூப்புனித நீராட்டு, தீப்பெட்டி ஆபீஸ்களின் பில் புத்தகம் என்று வேலை ஓடும். இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஆபீஸ்தான். பக்கங்களை ட்ரேஸ் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, சுருட்டி, சிவகாசி பஸ்ஸில் கொடுத்தனுப்புவோம். மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆப்செட்டில் அச்சாகிக் கட்டுக் கட்டாக வந்து இறங்கும்.

கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். காற்றுக் காலத்தில் பறக்கும். வைகாசி, ஆனியில் அடிக்கிற காற்றுக்குக் கதவை எப்படிச் சாத்தினாலும் தூசி உள்ளே வந்துவிடும். சிபியுவின் பக்கப் பலகையைக் கழற்றினால் ஃபேன் இறக்கைகளிலும் அதற்குக் கீழே இருக்கும் அலுமினிய வரிகளிலும் கறுப்பாகப் படிந்திருக்கும். ப்ளோயரை வைத்து ஊதும்போது சூடும் மண்ணும் கலந்து ஒரு வாசனை எழும். பருத்திக் காட்டில் மத்தியான வெயிலில் நின்றவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

எக்ஸ்பி திரையில் அந்தப் பச்சைப் புல்மேடும் நீலவானமும் இருக்கும். கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் 1996-ல் சார்ல்ஸ் ஓ’ரியர் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் அது. மழை பொய்த்த ஒரு வருசத்தில், மானாவாரியாகப் போட்ட உளுந்தும் பாசியும் கருகிக் கிடந்த நேரம், ரேசன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பாட்டி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். “இது எந்த ஊருய்யா? நல்ல மழ பேஞ்சிருக்கும் போலுக்கே” என்று கேட்டார். அமெரிக்கா என்றேன். “அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் படத்தை எப்போது பார்த்தாலும் எனக்கு அந்தப் பாட்டியின் முகம்தான் வரும்.

கணினிக்குள் இன்னொரு கணினி என்ற சங்கதியை எனக்குக் கொண்டுவந்து காட்டியவன் ஒரு மாணவன். 1984-லிருந்து நேஷனல் பொறியியல் கல்லூரி எங்கள் ஊரில் இருக்கிறது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்கவும் பைண்டிங் போடவும் பிள்ளைகள் கடைக்கு வருவார்கள். இவன் விளாத்திகுளம் பக்கத்துப் பையன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். உபுண்டு லினக்ஸ் சிடியை அப்போது கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவுகூட வாங்காமல் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்; 2011 வரை அந்த ஏற்பாடு இருந்தது. ஊர் விலாசத்துக்குப் போட்டால் வந்து சேருமோ சேராதோ என்று கடை விலாசத்தைக் கொடுத்திருந்தான். வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறையைத் தபால்காரர் கொண்டுவந்து என் கையில் வைத்தபோது அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள்.

சிடி வந்துவிட்டது, போட்டுப் பார்க்க மெஷின் இல்லை. அவனுக்கு எட்டுகிற ஒரே கணினி தாய்மாமன் வீட்டில் இருந்தது. அதில் மாமாவின் டேலி கணக்கு முழுவதும் இருந்தது. “லினக்ஸ் போடுறேன்னு கணக்கு அழிஞ்சுபோச்சுன்னா மாமா என்னய வீட்டுக்குள்ளயே விட மாட்டாரு அண்ணாச்சி” என்றான். என் கடைக் கணினியிலும் ஊர்ப்பட்ட பத்திரிகைக் கோப்புகள். நானும் தயங்கினேன். கொஞ்ச நாள் கழித்து ஓடிவந்தான். “அண்ணாச்சி, எதையும் அழிக்க வேண்டாம். உள்ளுக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் போட்டுக்கலாம். விர்ச்சுவல் பாக்ஸ்னு ஒண்ணு, காசும் கிடையாது.”

பிஎஸ்என்எல் இணைப்பில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில் வராத திட்டம் ஒன்று அப்போது இருந்தது. பெரிய கோப்பு எதுவானாலும் அந்த நேரத்துக்குத்தான். விர்ச்சுவல் பாக்ஸைப் போட்டுவிட்டுக் கடைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தோம். விடியுமுன் முத்துநகர் எக்ஸ்பிரஸ் கடந்து போகிற சத்தத்தில் எழுந்து பார்த்தபோது எல்லாம் இறங்கி முடிந்திருந்தது.

அன்றைக்குக் காலை நடந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. என் கணினியில் 1 ஜிபி ரேம். அதிலிருந்து 384 எம்பியைப் புது மெஷினுக்கு ஒதுக்கினான். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்று கேட்டது, 8 ஜிபி என்று கொடுத்தான். “இது நெசமான டிஸ்க் இல்ல. உங்க டி டிரைவ்ல ஒரே ஒரு ஃபைலா உக்காந்திருக்கும். உள்ள நிரம்ப நிரம்பத்தான் வளரும்” என்று விளக்கினான். சிடியைச் செருகினான். நடுவழியில் உபுண்டு ஒரு கேள்வி கேட்டது: முழு டிஸ்க்கையும் அழித்துவிட்டு நிறுவலாமா? பையனின் கை மவுஸின் மேல் நின்றுவிட்டது. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் அம்மாவை நினைத்தானோ மாமாவை நினைத்தானோ, ஒரு மூச்சு இழுத்துவிட்டு அழுத்தினான். சன்னலைச் சுருக்கி மை கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தோம். கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. உள்ளே லினக்ஸ் தன்பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் எங்கள் பக்கத்து வளவைக் காட்டுவேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வாசல். உள்ளே ஐந்தாறு குடித்தனம். கிணறு ஒன்றுதான். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு. ஒரு வீட்டில் சட்டி உடைந்தால் அடுத்த வீட்டுச் சோறு சிந்தாது. தண்ணீர் முறையை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார். வெளியே இருக்கும் விண்டோஸை ஹோஸ்ட் என்றும் உள்ளே குடியிருப்பதைக் கெஸ்ட் என்றும் சொல்கிறார்கள். ரேமும் பிராசஸரும்தான் அந்தக் கிணறு. அளவுக்கு மீறி இறைத்தால் எல்லா வீடும் காயும். 1 ஜிபி ரேமில் இரண்டு மெஷினை ஒன்றாக ஓடவிட்ட நாட்களில் இதைக் கண்ணாரப் பார்த்தேன்.

இந்த யோசனை புதிதும் அல்ல. அறையை அடைத்த பெருங்கணினிகளின் காலத்திலேயே, 1967-ல், ஐபிஎம் தன் கேம்பிரிட்ஜ் மையத்தில் சிபி-40 என்ற அமைப்பை ஓட்டியது. ஒரே கணினியை 14 பேர் வரை ஆளுக்கொரு தனிக் கணினி வைத்திருப்பதாகவே பயன்படுத்த முடிந்தது. விலை உயர்ந்த ஒரு மெஷினைப் பலர் பங்குபோட வேண்டிய தேவைதான் அதைப் பிறப்பித்தது. எங்கள் கடையின் தேவையும் அதேதான், அளவு மட்டும் சின்னது. வீட்டு மேசைக் கணினிக்கு அதைக் கொண்டுவந்தது 1999-ல் வெளிவந்த விஎம்வேர். ஆனால் அதைக் காசு கொடுத்து வாங்க எங்களால் ஆகாது. 2007-ல் இன்னோடெக் என்ற ஜெர்மன் நிறுவனம் விர்ச்சுவல் பாக்ஸைத் திறந்த மூலமாக வெளியிட்டது. அடுத்த வருசம் சன் நிறுவனம் அதை வாங்கி, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கி, இவ்வளவு கைமாறியும் அது இன்றுவரை இலவசமாகக் கிடைக்கிறது. நாலு காசுக்குக் கணக்குப் பார்க்கிற ஊரில் அந்த ஒரு விசயம் எத்தனை பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது என்பதை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

சாயங்காலமானால் மூன்று நான்கு பையன்கள், ஒன்றிரண்டு பெண் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். பஸ்ஸுக்கு நேரமாகும்வரை அந்தத் திரையைச் சுற்றித்தான் நிற்பார்கள். அவர்களை அதிகம் மயக்கியது ஸ்னாப்ஷாட். மெஷின் இந்த நிமிடத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு நகல் பிடித்து வைத்துவிட்டு, பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஒரு பெண் எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளையை அடித்துவிட்டு, லினக்ஸ் கண்முன்னே துண்டு துண்டாகச் செத்துப்போவதைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினாள். எல்லாம் முன்னிருந்தபடி வந்து நின்றது. “இன்னொரு வாட்டி செய்யட்டுமாண்ணே?” என்று கேட்டாள். கணினியைத் தொட்டாலே கெட்டுவிடும், கெட்டால் யார் காசு கொடுப்பது என்ற பயத்தோடு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். உடைத்துப் பார்க்கிற உரிமை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்தது. அதை எங்கள் பிள்ளைகள் கைக்கும் கொண்டுவந்தது இந்த மென்பொருள்தான்.

இரண்டு சின்ன மெஷின்களை உருவாக்கி, இடையே ஒரு உள்வலையை இழுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பதில் வந்ததும் ஒரு ஆரவாரம். ஜெராக்ஸ் எடுக்க நிற்பவர்கள் கிரிக்கெட் ஓடுகிறதோ என்று எட்டிப் பார்ப்பார்கள். 2012 தொடக்கத்தில் ‘கணியம்’ மின்னிதழ் வர ஆரம்பித்தது. லினக்ஸையும் கட்டற்ற மென்பொருளையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்த இதழ் அது. கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து ஸ்டேப்ளர் அடித்து மேசையோரம் வைத்திருப்பேன். ஆங்கிலத்தில் தடுமாறிய பிள்ளைகள் அதை வைத்து நேராகக் கட்டளைகளை அடித்துப் பார்த்தார்கள்.

அந்த வருசத்து மின்வெட்டைத் தென்மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். சேர்த்துக் கூட்டினால் பாதி நாள் இருட்டு. கயத்தாறு பக்கம் காற்றாலைகள் வரிசையாக நிற்கிற ஊரில் நாங்கள் யுபிஎஸ்ஸின் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கையில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். விர்ச்சுவல் பாக்ஸை மூடப்போனால், மெஷினை அணைக்கவா, இருக்கிற நிலையைச் சேமிக்கவா என்று கேட்கும். சேமி என்றால் ரேமில் இருப்பதையெல்லாம் அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். கரண்டு வந்து திறந்தால், பாதியில் நிறுத்திய சொல்லுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருக்கும்.

ஒரு ராத்திரி, கடை சாத்தும் நேரத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர் வந்தார்கள். அவர்கள் அம்மா தவறிவிட்டார். விடியுமுன் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டும். படத்தை வெட்டி ஒட்டி, பேரன் பேத்திகள் பெயரை அடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போய்விட்டது. நிலையைச் சேமித்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றினேன். இருட்டில் அந்தத் தம்பி தன் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். வயலில் பருத்தி எடுத்த கை, காது கேட்காமல் போன பிறகும் ரேடியோவைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டது, இப்படி. கரண்டு வந்ததும் மெஷினைத் திறந்தேன். அம்மாவின் படமும் பாதியில் நின்ற பேத்தி பெயரும் திரையில் அப்படியே வந்தன. இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மீதிப் பெயர்களை அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்ல, அடித்து முடித்தேன்.

அந்தப் போஸ்டரையே விர்ச்சுவல் பாக்ஸுக்குள்தான் செய்தேன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. புதுக் கணினி வாங்கியபோது அதில் 64 பிட் விண்டோஸ் 7 வந்தது. எங்களுடைய தமிழ் மென்பொருள் பழங்காலத்தது. அதை நிறுவும் புரோகிராம் 16 பிட். 64 பிட் விண்டோஸ் அந்த வகையை ஏற்கவே ஏற்காது. பேஜ்மேக்கரோ 2001-ல் வந்த 7.0 பதிப்போடு நின்றுபோனது. ஆகவே எக்ஸ்பியை அப்படியே உள்ளே குடிவைத்தேன். பேஜ்மேக்கர், எழுத்துருக்கள், சாஃப்ட்வேருக்கான யூஎஸ்பி பூட்டு எல்லாம் அதற்குள் போயின. புது மெஷினில் ஆரம்பத்தில் ஒரு தடங்கல். பயாஸில் விர்ச்சுவலைசேஷன் என்ற வசதி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் தங்கள் பிராசஸர்களில் சேர்த்த வசதி அது. கணினி ஏறும்போது பயாஸுக்குள் போய் அதைத் திறந்துவிட்டால்தான் உள்ளே இருக்கும் மெஷின் வேகமாக ஓடும். இன்றைக்கும் ‘விர்ச்சுவல் பாக்ஸ் ஓடவில்லை’ என்று வருகிற பிள்ளைகளில் பலருக்கு இந்த ஒரு சாவிதான் தேவைப்படுகிறது. 2019 கடைசியில் வந்த 6.1 பதிப்பிலிருந்து அந்த வசதி இல்லாத பிராசஸரில் விர்ச்சுவல் பாக்ஸ் எதையும் ஓட்டுவதில்லை.

2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்தியது. அன்றே உள்மெஷினின் வலை இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அதற்கு வெளியுலகம் தெரியாது, வெளியுலகத்துக்கு அதைத் தெரியாது. ஒரே ஒரு பகிர்வுக் கோப்புறை வழியாக உள்ளே போவது போகும், பிடிஎஃப் ஆகி வெளியே வருவது வரும்.

பிறகு காலம் வேகமாக ஓடியது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் கிளவுட் ஆய்வகம் ஒரு பாடமாக வந்தது. விதவிதமான மெய்நிகர் கணினிகளை ஓட்டிப் பார், அதற்குள் சி கம்பைலரை நிறுவி ஒரு நிரலை இயக்கிக் காட்டு என்று பயிற்சிகள். கடையில் பாய் விரித்துச் செய்தது ரெக்கார்டு நோட்டில் எழுதும் பாடமாகியிருந்தது. விளாத்திகுளம் பையன் இப்போது பெங்களூரில் இருக்கிறான். ஆயிரக்கணக்கான மெய்நிகர் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் வேலை. பொங்கலுக்கு வந்தால் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்து, ‘பழைய கடை’ ஓடுகிறதா என்று கேட்காமல் போகமாட்டான்.

பத்திரிகை அடிக்கிற பழக்கமும் மாறிவிட்டது. சொந்தக்காரர் வீடு வீடாகப் போய் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைப்பது நெருங்கியவர்களுக்கு மட்டும் என்றாகி, மற்றவர்களுக்கு வாட்ஸப்பில் ஒரு படம் போகிறது. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸாகிவிட்டது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, வேலை வேறு வடிவில் வருகிறது. எனக்குக் கவலை பழைய கோப்புகளைப் பற்றித்தான். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து, கம்பெனிக்கு ஒரு மாதிரி எழுத்துரு செய்து விற்றார்கள். யூனிகோடைத் தமிழக அரசு தரமாக ஏற்றது 2010-ல். அதற்கு முந்தி அப்படி அடித்த கோப்பு எதையும், அதற்குரிய எழுத்துரு இல்லாமல் திறந்தால், அம்மன் பெயர்கூட அர்த்தமில்லாத ஆங்கிலக் குறிகளாகத்தான் தெரியும்.

இடைசெவலில் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த மண் இது. தேவதச்சனும் கோணங்கியும் சோ. தர்மனும் எழுதிக்கொண்டிருக்கிற பூமி. இங்கே எத்தனை சிற்றிதழ்கள், பள்ளி ஆண்டு மலர்கள், கும்பாபிஷேக மலர்கள், ஊர் வரலாறுகள் அந்தப் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருக்கும்! பெட்டிக்கடைக்குப் போகிற பழைய பேப்பரோடு பழைய கணினியையும் எடைக்குப் போடுவதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அச்சகமோ டிடிபி கடையோ நடத்தியவர்களுக்கும், பரணில் பழைய சிபியு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எடைக்குப் போடுமுன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, யூஎஸ்பி கேபிள் வழியாகப் புதுக் கணினியில் மாட்டி, முழு டிஸ்க்கையும் ஒரே கோப்பாக நகல் எடுத்துவிடுங்கள். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் டிஸ்க்2விஹெச்டி அந்த வேலையைச் செய்யும். அது தருகிற விஹெச்டி கோப்பை விர்ச்சுவல் பாக்ஸ் நேரடியாகத் திறக்கும். எக்ஸ்பி ஏற மறுத்தால் அமைப்பில் டிஸ்க் கண்ட்ரோலரை ஐடிஇ என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் ஏறிவிடும். கேபினெட்டில் ஒட்டியிருக்கும் விண்டோஸ் சாவி எண்ணை முதலில் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புது வீட்டுக்கு வந்ததும் எக்ஸ்பி அதைக் கேட்கலாம். கேபிள் இல்லாதவர்கள் கோவில்பட்டிக்கு வந்தால் நான் எடுத்துத் தருகிறேன். டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே கொண்டுவாருங்கள்.